பள்ளிக் கூரையின் கீழ் ஒரு கல்லூரி

பழைய திருமண அழைப்பிதழ்களையும் பங்குக் கோவில்களின் பழைய பதிவேடுகளையும் புரட்டுவோருக்கு, சில பெயர்களின் பின்னால் 'எஃப்.ஏ.' என்னும் இரண்டெழுத்து நிற்பது கண்ணில் படும். பி.ஏ. என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும், எஃப்.ஏ. என்றால் தெரியாது. எழுத்துப் பிழையாக இருக்குமோ என்றுகூட ஐயுறுவர். பிழையன்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் மாகாணத்தில் மதிப்போடு வாழ்ந்து, பிறகு பெயர் மாறி, மீண்டும் பெயர் மாறி, இன்று நம் ஊர் மேல்நிலைப் பள்ளியின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளாக அமர்ந்திருக்கும் ஒரு கல்வியின் முதற்பெயர் அது.

அமெரிக்க நாட்டில், உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுப் படிப்பையும் முடித்து, பதினெட்டு வயதில் பள்ளிச் சான்றிதழோடு கலைப்புலத்தில் 'அசோசியேட்' எனப்படும் ஈராண்டுப் பட்டத்தையும் ஒருங்கே பெறும் மாணவர்களைப் பற்றி இப்போது வியப்போடு பேசப்படுகிறது. வியப்பதற்கு இடமுண்டு. ஆனால், பள்ளிக்கும் பட்டத்துக்கும் இடைப்பட்ட அந்த ஈராண்டுக் கலைக்கல்வியைப் பள்ளிக் கூரையின் கீழேயே வைத்து நடத்திய வரலாறு நமக்கும் உண்டு. அந்த வரலாற்றைக் கள்ளக்குறிச்சியிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் பார்த்தால், சென்னையிலிருந்து பார்க்கும்போது தெரியாத சில செய்திகள் தெரியும். ஆகவே அங்கிருந்தே பார்ப்போம்.

1857ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. மூன்றுக்கும் இலண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரி. அவை தாமே பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்தின, பட்டம் வழங்கின. முதலில் மெட்ரிகுலேஷன் என்னும் நுழைவுத் தேர்வு, முடிவில் பி.ஏ. இவ்விரண்டுக்கும் நடுவே மாணவன் மூச்சு வாங்கி நிற்க ஒரு படி வேண்டியிருந்தது. அதுவே 1860களில் வந்த 'முதற் கலைத் தேர்வு' என்னும் எஃப்.ஏ. மெட்ரிகுலேஷனுக்குப் பின் ஈராண்டு படித்து எழுத வேண்டிய தேர்வு அது. தேறியவர் மேலும் ஈராண்டு பயின்று பி.ஏ. ஆகலாம். இயலாதவர் எஃப்.ஏ.வோடு நின்று அரசு அலுவலகத்திலோ பள்ளியிலோ வேலை தேடலாம். அப்படி நின்றதை அக்காலத்தில் யாரும் குறையாகக் கருதவில்லை என்பதைப் பெயரின் பின்னால் அதைப் பொறித்துக்கொண்ட பெருமையே காட்டும்.

பி.ஏ. வரை கற்பித்த கல்லூரிகள் 'முதல் தரக் கல்லூரிகள்', எஃப்.ஏ. வரை மட்டும் கற்பித்தவை 'இரண்டாந்தரக் கல்லூரிகள்'. இப்பெயரைக் கேட்டு, தரம் குறைந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. படியின் உயரத்தைக் குறித்த சொல்லே அது. இவ்விரண்டாந்தரக் கல்லூரிகளுள் மிகப்பல, உண்மையில், மேலே இரண்டு வகுப்புகள் கூட்டிக் கட்டிய உயர்நிலைப் பள்ளிகளே. ஒரே வளாகம், பல இடங்களில் ஒரே தலைமை. ஒரு வளாகத்தில் அரிச்சுவடி தொடங்கிய சிறுவன் அங்கேயே மெட்ரிகுலேஷன் எழுதி, அங்கேயே எஃப்.ஏ.வும் முடித்து வெளியேறுவது இயல்பாக இருந்தது. வேலூரில் அமெரிக்க ஆற்காட்டு மிஷனின் ஊரிசு கல்லூரியும், விசாகப்பட்டினத்தில் திருமதி ஏ.வி.என். கல்லூரியும் இவ்வாறு பள்ளியிலிருந்து கிளைத்தவையே. சேலத்திலும் ஒரு பள்ளியே இரண்டாந்தரக் கல்லூரியாக உயர்ந்து, நெடுங்காலம் நகராட்சியின் பராமரிப்பில் இருந்தது. நாகப்பட்டினத்தில் 1844ஆம் ஆண்டு இயேசு சபையார் தொடங்கி 1883இல் திருச்சிக்குப் பெயர்த்த புனித வளனார் கல்லூரியிலும் பள்ளியும் கல்லூரியும் ஒரே குடும்பமாகவே வளர்ந்தன.

எஃப்.ஏ. வகுப்பில் என்ன கற்பித்தார்கள்? இன்றைய மாணவர் கேட்டால் தலை சுற்றும். ஆங்கிலம், வடமொழியோ தமிழோ மற்றொரு மொழி, கணிதம், கிரேக்க, உரோமானிய வரலாறு, மனித உடலியல். இவற்றுள் விரும்பியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. கணிதப் புலியும் உரோமானியப் பேரரசர்களை அறிந்திருக்க வேண்டும். மொழிப் புலவனும் குருதியோட்டத்தை விளக்க வேண்டும். ஒன்றில் தவறினால் முழுவதும் தோல்வி.

இந்தப் படியின் அருமையும் கொடுமையும் ஏறத்தாழ ஒரே வயதினரான மூவர் வாழ்வில் தெளிவாகப் பதிந்துள்ளன. சீனிவாச இராமானுசன் பிறந்தது 1887 டிசம்பரில். சர்வபள்ளி இராதாகிருட்டிணன் பிறந்தது 1888 செப்டம்பரில். சி.வி. இராமன் பிறந்தது அதே 1888 நவம்பரில். மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. வாயிலில் நின்றவர்கள்.

இராமன் பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷனும் பதின்மூன்றாம் வயதில் எஃப்.ஏ.வும் தேறினார். விசாகப்பட்டினத்தில் அவர் தந்தையார் விரிவுரையாளராக இருந்த அந்த ஏ.வி.என். கல்லூரியிலேயே அவர் படித்தார். இன்று எட்டாம் வகுப்பில் இருக்க வேண்டிய வயதில் கல்லூரியின் பாதிவழியைக் கடந்து, 1904இல் சென்னை மாநிலக் கல்லூரியில் முதலிடத்தோடு பி.ஏ. முடித்தார். வீட்டில் நூல்கள், தந்தை ஆசிரியர், வீட்டுக்கருகே கல்லூரி: அறிவாற்றலை எவரும் மறுக்கவில்லை, ஆனால் அந்த 'அருகே' என்னும் சொல்லையும் மறந்துவிட வேண்டாம்.

இராதாகிருட்டிணன் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்று, வேலூர் ஊரிசு கல்லூரியில் எஃப்.ஏ. முடித்து, பதினாறு வயதளவில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்றார். வேலூர் போன்றதொரு நகரில் அந்த இடைப்படி இருந்தமையால் அவர் சென்னைச் செலவை இரண்டாண்டு தள்ளிப்போட முடிந்தது.

இராமானுசனின் கதை நாமறிந்ததே. 1903இல் மெட்ரிகுலேஷனில் சிறந்து, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை, உதவித்தொகை போயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். உடலியல் அவரை விடவில்லை. இதைச் சொல்லி எஃப்.ஏ.வை ஏசுவது எளிது, பலரும் ஏசியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு உறுதியில்லை. ஒரு மேதையைத் தோற்கடித்த அதே பரந்த பாடத்திட்டம், மேதையல்லாத ஆயிரக்கணக்கானோருக்கு உலகின் பல சாளரங்களைத் திறந்துவிட்டது. குற்றம் சாளரங்களிலன்று, ஒரு சாளரம் மூடியிருந்தால் வீடே இல்லை என்ற விதியிலேயே இருந்தது.

இனி, நம் பக்கம் வருவோம். கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்கோடியில் ஒரு வட்டம். மாவட்டத் தலைநகர் கடலூர், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே, கடற்கரையில். மேற்கே சேலமும் அணுக்கமன்று. 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி தோன்றி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தபோது, நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம் வந்துவிட்டது என்பது பெருமைதான். ஆனால் கள்ளக்குறிச்சி உழவர் வீட்டுப் பிள்ளைக்குச் சிதம்பரமும் விடுதிச் செலவு வேண்டும் தொலைவூரே. எஃப்.ஏ. என்பது பள்ளிக் கூரையின் கீழ் இருந்தது உண்மை. அந்தக் கூரை எந்த ஊரில் இருந்தது என்பதே கேள்வி. கடற்கரைத் துறைமுகங்களிலும் ஆற்றங்கரை நகரங்களிலும் மாவட்டத் தலைநகர்களிலும் இருந்தது. மலையடிவாரத்தில் இல்லை.

மலையில் நிலை வேறு. கச்சிராயப்பாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து ஏறினால் வருவது கல்வராயன் மலை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களை, சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார் குடும்பங்கள் வழிவழியாக ஆண்டுவந்தன. சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னும் இங்கே ஜாகிர் முறை நீடித்தது. மலைமக்கள் அவர்களுக்கு வரி செலுத்தினர். கூலியில்லா ஊழியமும் செய்தனர். 1976ஆம் ஆண்டுதான் ஜாகிர்கள் ஒழிக்கப்பட்டு மலை முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. இராமன் எஃப்.ஏ. தேறி எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இதற்கிடையே எஃப்.ஏ. பலமுறை உருமாறிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு பிறந்த வேளையில் அதன் இடத்தில் 'இண்டர்மீடியட்' வந்தது. மெட்ரிகுலேஷன் இருந்த இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. இந்த இடைப்படி யாருக்குச் சொந்தம், பள்ளிக்கா பல்கலைக்கழகத்துக்கா என்ற வழக்கும் அப்போதே எழுந்தது. 1917 முதல் 1919 வரை ஆராய்ந்த கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையம், அதன் தலைவர் சாட்லர் பெயரால் அறியப்படுவது, தெளிவான ஒரு தீர்ப்பைக் கூறியது: இண்டர்மீடியட் வகுப்பு பல்கலைக்கழகப் படிப்பன்று, அதைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்து, தனிக் கல்லூரிகளிலோ தேர்ந்த உயர்நிலைப் பள்ளிகளோடு இணைத்தோ நடத்த வேண்டும். ஐக்கிய மாகாணம் 1921இல் இதற்கெனத் தனி வாரியமே அமைத்தது. இன்றும் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்ப் பள்ளிகள் பல 'இண்டர் காலேஜ்' என்னும் பெயர்ப்பலகையோடு நிற்பது அதன் எச்சமே. சென்னை மாகாணம் அவ்வழியே செல்லவில்லை.

விடுதலைக்குப் பின் 1948–49இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர், வேலூரில் எஃப்.ஏ. படித்த அதே இராதாகிருட்டிணன். பன்னிரண்டு ஆண்டுக் கல்விக்குப் பின்னரே பல்கலைக்கழகம் என்றும், நல்ல இண்டர்மீடியட் கல்லூரிகள் நிறைய வேண்டும் என்றும் அவ்வாணையம் கூறிற்று. அடுத்து 1952–53இல் வந்த இடைநிலைக் கல்வி ஆணையத்தின் தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான இலட்சுமணசாமி முதலியார். இண்டர்மீடியட்டை நீக்கி, ஓராண்டைப் பள்ளியோடும் ஓராண்டைப் பட்டத்தோடும் சேர்த்து, பட்டப்படிப்பை மூன்றாண்டாக்கலாம் என்பது அவ்வாணையத்தின் பரிந்துரை. ஆனால் 1956இல் சென்னைப் பல்கலைக்கழகம் இண்டர்மீடியட்டை நிறுத்தியபோது, பள்ளியோடு சேர வேண்டிய அந்த ஓராண்டு பள்ளிக்கு வரவில்லை. பி.யு.சி. என்னும் புகுமுக வகுப்பாகிக் கல்லூரியிலேயே தங்கிவிட்டது.

புகுமுக வகுப்பைப் பற்றி அதில் படித்தவர்கள் இன்றும் ஒரு நடுக்கத்தோடு பேசுவதை நம் பங்குகளில் கேட்கலாம். ஓராண்டு என்பது பெயரளவில்தான். கல்லூரி திறப்பதும் விடுமுறையும் தேர்வும் போக, கற்க எஞ்சியவை சில மாதங்களே. பதினோராம் வகுப்பு வரை தமிழில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கிராமத்துப் பிள்ளை, திடீரென நகரத்தின் பெரிய விரிவுரை மண்டபத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடும் பாடத்தின் முன் உட்கார்ந்தான். புரிந்துகொள்ளத் தொடங்கும்போது ஆண்டு முடிந்திருக்கும். தோற்றவன் ஊர் திரும்பினான். பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் தெளிவு: கல்லூரி வெளியூரில் என்றால், பெரும்பாலான வீடுகளில் எஸ்.எஸ்.எல்.சி.யே முற்றுப்புள்ளி.

இந்நிலையை மாற்றிய ஆண்டு 1978. கோத்தாரி ஆணையம் 1966இல் வகுத்த பத்து, இரண்டு, மூன்று என்னும் அமைப்பை எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழகம் ஏற்றது. புகுமுக வகுப்பு மறைந்தது. மேல்நிலைக் கல்வி பிறந்தது. 1980 மார்ச்சில் முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்தது. இதில் நம் வரலாற்றாசிரியர்கள் போதிய அழுத்தம் கொடுக்காத ஒரு முடிவு உண்டு. அந்த ஈராண்டை எங்கே வைப்பது என்பதில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழி சென்றது. ஆந்திரம் இளநிலைக் கல்லூரிகளை அமைத்தது; கருநாடகம் புகுமுகக் கல்லூரிகள் என்னும் பெயரையே வைத்துக்கொண்டது; கேரளம் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை பிரீ-டிகிரி வகுப்பைக் கல்லூரிகளிலேயே நடத்தியது. தமிழகமோ அதை உயர்நிலைப் பள்ளிகளில் வைத்தது. கல்லூரி ஆசிரியர் பலர் அன்று மனம் நொந்தனர். பள்ளி ஆசிரியரால் இயலுமா என்ற ஐயமும் எழுந்தது. ஐயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆய்வுக்கூடமின்றி, முதுகலை ஆசிரியரின்றித் தொடங்கிய பள்ளிகள் உண்டு. ஆயினும், எஃப்.ஏ. காலத்தில் சில நகரங்களில் மட்டும் இருந்த அந்தக் கூரை ஊரூராகப் பரவியது.

மலைக்கு இது எப்படி வந்தது என்று பாருங்கள். 1976இல் ஜாகிர் ஒழிகிறது. 1978இல் கல்லூரியின் முதற்படி பள்ளிக்குள் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று எண்ணிச் செய்தவையல்ல. சென்னையில் கல்வித்துறை கோப்பில் கையெழுத்திட்டவருக்கு வெள்ளிமலை எங்கிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. ஆனால் பயன் மலைக்குக் கிடைத்தது. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் வளர்ந்து, அவற்றுள் சில மேல்நிலைப் பள்ளிகளாக உயர்ந்தபோது, ஒரு காலத்தில் கும்பகோணத்துக்கோ கடலூருக்கோ போனால்தான் கிடைத்த படிப்பு, சோறும் படுக்கையும் சேர்த்து மலையின் மேலேயே கிடைத்தது. பழைய புகுமுக முறை நீடித்திருந்தால், பெற்றோர் காப்பித் தோட்ட வேலைக்கென மாதக்கணக்கில் வெளி மாநிலம் செல்லும் ஒரு மலைவீட்டுப் பெண், நகர விடுதிக்குப் பணம் கட்டிப் புகுமுக வகுப்பு படித்திருப்பாள் என்று நம்மால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

அமெரிக்காவிலும் கதை பள்ளிக் கூரையின் கீழேதான் தொடங்கியது. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளித் தலைவர் ஸ்டான்லி பிரவுன் என்பவரும் சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ஹார்ப்பரும் பேசி முடிவு செய்து, ஆறே மாணவர்களோடு அந்தப் பள்ளியிலேயே கல்லூரி வகுப்பு நடத்தினர். வீட்டை விட்டுப் போகாமல் கல்லூரி படிக்க விரும்பியோருக்காகவே அது. அந்நாட்டின் அரசு சார்ந்த ஈராண்டுக் கல்லூரிகளுக்கெல்லாம் அதுவே மூத்தது. நம் இரண்டாந்தரக் கல்லூரிகள் அதற்குப் பல பத்தாண்டுகள் முற்பட்டவை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நூறாண்டு கழித்து, 2001இல் நியூயார்க் நகரில் பார்டு கல்லூரி ஓர் அரசுப் பள்ளியோடு கைகோத்தது. நான்காண்டுகளில் பள்ளிப்படிப்பையும் கலைப்புல அசோசியேட் பட்டத்தையும் முடிக்கும் அப்பள்ளியில் கட்டணமில்லை. அங்கே இலக்கியம், தத்துவம், வரலாறு, அறிவியல் அனைத்தும் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு உண்டு.

இங்கேதான் நமக்கு ஒரு வருத்தம். 1978இல் படி நம் ஊருக்கு வந்தது. ஆனால் வரும் வழியில் தன் சுமையில் பாதியை எங்கோ இறக்கிவிட்டு வந்தது. எஃப்.ஏ. மாணவன் ஐந்து வாயில்களிலும் நுழைய வேண்டியிருந்தான். மேல்நிலை மாணவனோ பதினைந்து வயதில் 'குரூப்' ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற வாயில்களைத் தன் கையாலேயே சாத்திக்கொள்கிறான். கணித உயிரியல் பிரிவினருக்கு வரலாறு இல்லை. வணிகவியல் பிரிவினருக்கு உடலியல் இல்லை. சிறிய மேல்நிலைப் பள்ளிகளில் தேர்ந்தெடுப்பதற்கும் இடமில்லை. பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறதோ அதுவே பிள்ளையின் விருப்பம் ஆகிவிடுகிறது. ஈராண்டு என்பதும் பல தனியார் பள்ளிகளில் பெயரளவாயிற்று. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் பெருகியது. அதைத் தடுக்கவே 2017–18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025–26இல் அது நீக்கப்பட்டது. தேர்வு வைத்தால் பிள்ளைக்குச் சுமை, எடுத்தால் பாடத்துக்கு ஆபத்து என்னும் இந்த இழுபறி, உடலியலில் இராமானுசன் தோற்ற நாளிலிருந்தே நம்மோடு இருக்கிறது.

இப்போது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பட்டப்படிப்பில் ஓராண்டு முடித்தால் சான்றிதழ், ஈராண்டு முடித்தால் பட்டயம் என்று இடையில் இறங்கும் படிகளை வைக்கிறது. அக்கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. இடையிலே இறங்க வழி வைத்தால் ஏழைப் பிள்ளைகளே முதலில் இறங்குவர் என்ற அச்சம் இங்கே வலுவாகச் சொல்லப்படுகிறது. அச்சம் நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். எனினும் இறங்க நேர்ந்தவர் வெறுங்கையோடு இறங்கக் கூடாது என்பதையும் எஃப்.ஏ. காலத்தார் அறிந்திருந்தனர்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கல்வராயன் மலையும், வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு, தனி வட்டமாகியுள்ளது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பின், சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, கல்வராயன் மலைமக்களின் வாழ்வு நிலையை, சாலை முதலிய அடிப்படை வசதிகளை, விசாரிக்கத் தொடங்கியது. மலையில் பன்னிரண்டாம் வகுப்பு தேறும் மாணவி, மதிப்பெண் சான்றிதழைத் தன் பள்ளியிலேயே வாங்கிக்கொள்கிறாள். கல்லூரியில் பழங்குடியினருக்குரிய இடமும் உதவித்தொகையும் பெற அவளுக்கு இன்னொரு தாள் வேண்டும். அந்தச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்க முடியாது. கோட்டாட்சியர் விசாரித்துக் கையெழுத்திட வேண்டும். கோட்டாட்சியர் அலுவலகம் கள்ளக்குறிச்சியில் இருக்கிறது.